நாலு நாடு சுத்தணும்னா, முதல்ல ஒரு நாட்டைக் கழி

“அக்கா, ஒரு மாசம் லீவு. கையில ஒன்றரை லட்சம். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, மலேசியா, முடிஞ்சா சிங்கப்பூர். போதுமா?” முதல் தடவை முதுகுல பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பற தம்பி தங்கச்சிங்க கேக்கற கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பணம் போதும். நாடுதான் ஜாஸ்தி.

தென்கிழக்கு ஆசியாவுல படுக்கையும் சாப்பாடும் மலிவு. காசைக் கரைக்கறது இடம் மாறுறதுதான். ஒரு எல்லையைத் தாண்டினா விசா கட்டணம், பஸ்ஸோ ஃப்ளைட்டோ, புது சிம், மீந்த நோட்டை மாத்தறதுல நஷ்டம். அதோட முழுசா ஒரு பகல் காலி. அதனால எத்தனை ராத்திரி, எத்தனை சாப்பாடுன்னு கணக்குப் போடறதுக்கு முன்னாடி எத்தனை எல்லைன்னு கணக்குப் போடு. கீழே நான் சொல்ற பாதி விஷயம் அந்தக் கணக்கை ஒட்டித்தான் வரும்.

1. ரூட்: போன வழியே திரும்பாதே

நாலு வாரத்துக்கு மூணு நாடு: தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம். பாங்காக்ல இறங்கு. மூணு நாலு நாள் கழிச்சு ராத்திரி ரயில்ல சியாங் மாய். அங்கிருந்து பஸ்ல சியாங் கோங். பாலத்தைத் தாண்டினா லாவோஸ் பக்கம் ஹுவாய் சாய். அங்கிருந்து மெகாங் ஆத்துல ரெண்டு நாள் படகு. நடுவுல பாக்பெங்ங்கற கரையோர ஊர்ல ராத்தங்கல், மறுநாள் சாயங்காலம் லுவாங் பிரபாங். படகுல விக்கறது யானை விலை, அதனால ரொட்டி, பழம், தண்ணியை ஏறும்போதே வாங்கிக்கோ.

லாவோஸ்–சீனா ரயில் 2021 டிசம்பர்ல ஓட ஆரம்பிச்ச பிறகு, லுவாங் பிரபாங்ல இருந்து தலைநகர் வியன்டியான் ரெண்டு மணி நேரச் சமாச்சாரம் ஆயிடுச்சு. வழியில வாங் வியெங்ல இறங்கிக்கலாம். வியன்டியான்ல இருந்து ஹனோய்க்குப் பஸ் இருக்கு. ஆனா 20 மணி நேரத்துக்கு மேல மலைப்பாதை. அந்த ஒரு இடத்துல மட்டும் ஃப்ளைட்டுக்குக் காசு கொடு.

ஹனோய்ல இருந்து ஹோ சி மின் நகரம் வரைக்கும் ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். ஒரே மூச்சுல போகாதே. நின் பின், ஹுவே, டா நாங்னு இறங்கி இறங்கிப் போ. ஹோய் ஆன்ல ரயில் நிலையம் கிடையாது, டா நாங்ல இறங்கித்தான் போகணும். ஹோ சி மின்ல இருந்து நேரா வீட்டுக்கு. இறங்கற ஊர் ஒண்ணு, ஏறற ஊர் வேற. டிக்கெட் தேடும்போது ‘மல்ட்டி சிட்டி’ன்னு ஒரு பட்டன் இருக்கும், அதுல பாரு. திரும்பி பாங்காக் வந்து ஏறணும்னா ஒரு ஃப்ளைட்டும் ஒரு நாளும் தண்டம்.

அங்கோர் வாட் பார்க்காம வரமாட்டேன்னு அடம் பிடிச்சா, லாவோஸை எடுத்துட்டுக் கம்போடியாவைச் சேரு. ஹோ சி மின்ல இருந்து புனோம் பென்னுக்குப் பஸ் பகல்லயே போய்ச் சேர்ந்துடும். அங்கோர் நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூணு நாளுக்கு 62 டாலர். மூணு நாள் சீட்டைப் பத்து நாளுக்குள்ள எந்த மூணு நாள் வேணும்னாலும் பயன்படுத்தலாம். பாங்காக்ல இருந்து சியம் ரீப்புக்குப் பஸ்ல போகலாம்னு பழைய கைடுல எழுதியிருக்கும். 2025 ஜூன்ல ரெண்டு நாட்டுச் சண்டையில அந்த எல்லையை மூடிட்டாங்க. திறந்திருக்கான்னு உறுதியா தெரியாம அந்த வழியை நம்பி பிளான் போடாதே.

ரெண்டே வாரம்தான் லீவா? மலேசியாவும் தாய்லாந்தும் போதும். திருச்சியில இருந்தே கோலாலம்பூருக்கு நேரடி ஃப்ளைட் இருக்கு. கோலாலம்பூர், பினாங்கு, அங்கிருந்து ரயில்ல படாங் பெசார். அந்த ஒரே ஸ்டேஷன்ல ரெண்டு நாட்டு முத்திரையும் விழுந்துடும். அப்புறம் ஹட் யாய், பாங்காக். பாதி வழிக்குத் தமிழ்லயே பேசிச் சமாளிக்கலாம்.

2. மாசம் பார்த்துக் கிளம்பு

நவம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி நடு வரைக்கும் நல்ல காலம். மூணு விஷயம் மட்டும் கவனிச்சுக்கோ. சியாங் மாயும் வடக்கு லாவோஸும் மார்ச், ஏப்ரல்ல புகை மண்டிக் கிடக்கும், வயக்காட்டையும் காட்டையும் எரிக்கற காலம் அது. அக்டோபர், நவம்பர்ல ஹோய் ஆன், ஹுவே பக்கம் வெள்ளம் வரும். ஜனவரி கடைசி, பிப்ரவரியில வர்ற வியட்நாம் புத்தாண்டு ‘தெத்’ சமயத்துல கடை மூடியிருக்கும், ரயில் பஸ் எல்லாம் ஊருக்குப் போறவங்களால நிரம்பியிருக்கும். நம்ம பொங்கல் லீவுல கோயம்பேட்டைப் பார்த்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்க வேணாம்.

3. பாஸ்போர்ட்டுல உன் பேரைப் பாரு

பாஸ்போர்ட் காலாவதிக்கு, போற தேதியில இருந்து ஆறு மாசத்துக்கு மேல இருக்கணும். காலிப் பக்கம் குறைஞ்சது நாலு இருக்கணும். இதை எல்லாரும் சொல்வாங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு உள்ள தனிச் சிக்கல் பேரு. நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். சில பேர் பாஸ்போர்ட்டுல ‘சர்நேம்’ கட்டம் காலியா இருக்கும். சில பேருக்கு அப்பா பேரு அதுல வந்திருக்கும். ஏர்லைன் ஃபாரம் ‘லாஸ்ட் நேம்’ இல்லாம நகராது.

போட்டோ இருக்கற பக்கத்துல அடியில அம்புக்குறி மாதிரி அடையாளங்களோட ரெண்டு வரி ஓடும் பாரு, அதுதான் மெஷின் படிக்கற பேரு. விசா ஃபாரத்துல அதுல இருக்கற மாதிரியே எழுத்துக்கு எழுத்து போடு. இனிஷியலை ஒட்டிப் போடறது, அப்பா பேரைச் சுருக்கறது எதுவும் வேணாம். ஒத்தைப் பேர்னா, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அந்த ஏர்லைன் எப்படிப் போடச் சொல்றாங்கன்னு கேட்டு, அதே மாதிரி எல்லா டிக்கெட்டுலயும் போடு. இன்னும் நேரம் இருந்தா பாஸ்போர்ட்டையே மாத்தி, பேரை ரெண்டு கட்டத்துலயும் பிரிச்சு வாங்கிடு. வளைகுடா பக்கம் போகணும்னாலும் அது உதவும்.

4. விசா: அரசாங்கப் பக்கத்துல மட்டும்

தாய்லாந்து: 2024 ஜூலையில இருந்து இந்தியருக்கு விசா இல்லாம 60 நாள்னு வெச்சாங்க. அதைக் குறைக்கப் போறாங்கன்னு பேச்சும் அடிபட்டுச்சு. டிக்கெட் போடற அன்னிக்குத் தூதரகப் பக்கத்துல பாரு. 2025 மே முதல் தேதியில இருந்து டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்கறதுக்கு மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும். இலவசம். காசு கேக்கற பக்கம் எல்லாம் போலி.

வியட்நாம்: இ-விசா, ஒரு தடவை நுழைய 25 டாலர், பல தடவைன்னா 50. 90 நாள் வரைக்கும் கிடைக்கும். எந்த விமான நிலையம் அல்லது எல்லை வழியா உள்ள போறன்னு ஃபாரத்துல கேப்பாங்க. அதுல ஒண்ணைப் போட்டுட்டு வேற வழியா போய் நிக்காதே. ரூட் முடிவானதுக்கு அப்புறம் அப்ளை பண்ணு.

லாவோஸ்: எல்லையிலயே விசா தருவாங்க. சுமார் 40 டாலர், நோட்டா கொடுக்கணும். போட்டோ வேணும். கம்போடியா: 30 டாலர்.

கூட்டிப் பாரு. லாவோஸுக்கும் வியட்நாமுக்குமே 65 டாலர் ஆச்சு. கம்போடியாவைச் சேர்த்தா விசாவும் அங்கோர் சீட்டும் மட்டுமே இன்னும் 67 டாலர் கேக்கும். டார்மிட்டரியில ஒரு வாரம் படுக்கற காசு அது.

விசா நாளை மீறித் தங்காதே. தாய்லாந்துல நாளுக்கு 500 பாட் அபராதம்.

5. சென்னை கவுன்ட்டர்ல ஒரு கேள்வி வரும்

செக்-இன் கவுன்ட்டர்ல பையை எடை போட்டதும், “பாங்காக் போறீங்க சரி, அங்கிருந்து எப்போ கிளம்பறீங்க?”ன்னு கேப்பாங்க. “படகுல லாவோஸ் போறேன்”னா ஏத்துக்க யோசிப்பாங்க, ஏன்னா உன்னைத் திருப்பி அனுப்பினா செலவு அவங்க தலையில. ஹோ சி மின்ல இருந்து திரும்பற டிக்கெட், வியட்நாம் இ-விசா, முதல் ரூம் புக்கிங் மூணையும் பிரின்ட் எடுத்து வை. போன்ல இருக்குன்னு தேடிக்கிட்டு நின்னா பின்னாடி வரிசையே முறைக்கும். தாய்லாந்துக் குடியேற்ற அதிகாரி கையிருப்பைக் காட்டச் சொன்னாலும் சொல்லலாம். கொஞ்சம் ரொக்கம் கையில இருக்கட்டும்.

பாங்காக்ல ரெண்டு விமான நிலையம்: சுவர்ணபூமி, டான் மியாங். மலிவு ஏர்லைன் பலதும் டான் மியாங்ல இறங்கும். ஒண்ணுல இறங்கி இன்னொண்ணுல ஏறணும்னா நடுவுல நாலஞ்சு மணி நேரமாவது விடு.

6. ஒன்றரை லட்சத்தைப் பிரிச்சுப் பாரு

போக வர ஃப்ளைட் 30,000. விசா, இன்சூரன்ஸ் 10,000. நடுவுல ஒரு ஃப்ளைட், ரயில், படகு, பஸ் 20,000. தினச் செலவு 2,500 ரூபாய் வீதம் 28 நாளுக்கு 70,000. ஆச்சு 1,30,000. மீதி 20,000-ஐத் தொடாதே. காய்ச்சல், தவறிப்போன ஃப்ளைட், தொலைஞ்ச போன் இதுக்குத்தான் அது.

தினச் செலவுல 800 படுக்கைக்கு, 800 சாப்பாட்டுக்கு, மிச்சம் நுழைவுச் சீட்டு, உள்ளூர்ப் போக்குவரத்து. ராத்திரி ரயில்ல போற அன்னிக்கு ரூம் வாடகை மிச்சம். பாங்காக்–சியாங் மாய் ரயில்ல சாயங்காலம் ஏறும்போது எதிரெதிர் சீட்டாத்தான் இருக்கும். இருட்டினதும் ஒருத்தர் வந்து ரெண்டு சீட்டையும் இழுத்து ஒண்ணாக்கி, மெத்தை போட்டு, மேல் படுக்கையைக் கீழ இறக்கி, வெள்ளை விரிப்பு விரிச்சுத் திரையை மாட்டிட்டுப் போவார். மேல் பெர்த் விலை கம்மி. ஆனா ஏசி குத்தும், விளக்கு கண்ணுல அடிக்கும். குளிர் தாங்கலைன்னா கீழ் பெர்த்துக்கே காசு கொடு.

7. பணமும் ஓடிபியும்

கார்டுல வெளிநாட்டு வசதி தானா வராது. 2020 அக்டோபர்ல இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி நீயா ஆன் பண்ணணும். பாங்க் ஆப்ல போய்க் கிளம்பறதுக்கு முன்னாடியே பண்ணு. ரெண்டு பாங்க், ரெண்டு கார்டு, ரெண்டும் வேற வேற பையில.

தாய்லாந்து ஏடிஎம்ல ஒவ்வொரு தடவையும் 220 பாட் பக்கம் கட்டணம் பிடிப்பாங்க. அஞ்சு தடவை எடுக்காம ஒரே தடவை மொத்தமா எடு. “ரூபாயில கணக்குப் போடவா, உள்ளூர்ப் பணத்துலயா?”ன்னு மெஷின் கேட்டா உள்ளூர்ப் பணம்னு அமுக்கு. ரூபாய்னு அமுக்கினா அவங்க வெச்சதுதான் ரேட்டு.

200 டாலர் புது நோட்டா கொண்டுபோ. கிழிசல், பேனாக் கிறுக்கல் இருந்தா கம்போடியாவுல கடைக்காரர்கூட வாங்க மாட்டார். லாவோஸ் கிப் நோட்டை அந்த நாட்டுக்கு வெளியில மாத்தறது கஷ்டம், எல்லையைத் தாண்டறதுக்கு முன்னாடி செலவழிச்சுடு. வியட்நாம்ல 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 நோட்டும் நீலம். ராத்திரி டாக்ஸி வெளிச்சத்துல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். பெரிய நோட்டை பர்ஸ்ல தனி அறையில வை. கொடுக்கும்போது வாய்விட்டுத் தொகையைச் சொல்லிக் கொடு.

ஓடிபி வர நம்ம ஊர் சிம் உயிரோட இருக்கணும். கிளம்பறதுக்கு முன்னாடி ரோமிங்கை ஆன் பண்ணு, டேட்டா ரோமிங்கை மட்டும் அணை. இன்டர்நெட்டுக்கு இ-சிம் போட்டுக்கிட்டா பழைய சிம்மைக் கழட்டவே வேணாம்.

8. தங்கல்

முதல் மூணு ராத்திரிக்கு மட்டும் புக் பண்ணு. மத்த ஊருக்கு ரெண்டு நாள் முன்னாடி பார்த்தா போதும், தெத் சமயம், டிசம்பர் கடைசி மட்டும் விதிவிலக்கு. தங்கச்சிங்களுக்கு: பெண்கள் மட்டும் படுக்கற டார்மிட்டரி பல ஹாஸ்டல்ல உண்டு. ரேட்டிங்கைப் பார்க்காதே, தனியா வந்த பொண்ணுங்க எழுதின விமர்சனத்தைத் தேடிப் படி. ஸ்டேஷன்ல இருந்து நடந்து போற தூரமான்னும் பாரு. ராத்திரி பதினோரு மணிக்கு ஊர் போய்ச் சேர்ற பஸ்ஸை எடுக்காதே. அம்பது ரூபாய் மிச்சம் பிடிச்சு ஐந்நூறு ரூபாய் டாக்ஸிக்குப் போகும்.

9. சாப்பாடு

தெருக்கடையில கூட்டம் எங்கயோ அங்க சாப்பிடு, கண்ணு முன்னாடி சூடா செஞ்சு தர்றதா இருக்கட்டும். சைவம்னா: தாய்லாந்துல மஞ்சள் பின்னணியில சிவப்பு எழுத்து மாட்டின கடை ‘ஜே’, அதாவது சைவம். வியட்நாம்ல ‘சாய்’னு கேளு. அங்கயும் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாள்ல சைவம் சாப்பிடற வழக்கம் உண்டு, அன்னிக்குக் கடை நிறைய கிடைக்கும். காய்கறி மட்டும்னு சொன்னாலும் மீன் சாஸ் ஊத்திடுவாங்க, அதைத் தனியா வேணாம்னு சொல்லணும். நம்ம சாப்பாட்டுக்கு நாக்கு ஏங்கினா, பாங்காக் சீலோம் பகுதி மாரியம்மன் கோயிலைச் சுத்திப் பாரு. 19-ஆம் நூற்றாண்டுல போன தமிழர்கள் கட்டின கோயில் அது.

10. பை: ஏழு கிலோ

மலிவு ஏர்லைன்ல கைப்பை ஏழு கிலோதான். அதுக்குள்ள முடிஞ்சா செக்-இன் பைக்குக் காசு கட்ட வேணாம். நாலு சட்டை, ரெண்டு பேன்ட், தோளும் முட்டியும் மூடற ஒரு செட் (கோயில்ல விட மாட்டாங்க), மழை ஜாக்கெட், செருப்பு ஒண்ணு, ஷூ ஒண்ணு. மொத்தமான டவல் வேணாம், ஈரிழைத் துண்டு போதும், ஒரு மணி நேரத்துல காயும். லாக்கருக்குச் சின்னப் பூட்டு ஒண்ணு கொண்டுபோ. பவர் பேங்க் கைப்பையில மட்டும், 100 வாட்-அவர், அதாவது 27,000 எம்ஏஎச் வரைக்கும். இ-சிகரெட் தாய்லாந்துல சட்டவிரோதம், பையில இருக்கவே கூடாது.

11. உடம்பும் வண்டியும்

ஒரு மாசம் முன்னாடியே டாக்டரைப் பாரு. டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் ஊசி பத்திக் கேளு. நாயோ குரங்கோ கடிச்சா சோப்புப் போட்டுக் கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரி. வழக்கமா சாப்பிடற மாத்திரைக்கு இங்கிலீஷ்ல சீட்டு வாங்கிக்கோ.

வாடகை ஸ்கூட்டர்தான் பட்ஜெட் பயணத்துல பெரிய ஆபத்து. ஆர்டிஓவுல சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கலாம். ஆனா நம்ம நாட்டுல தர்றது 1949 உடன்படிக்கைப்படி. வியட்நாம் ஏத்துக்கறது 1968 உடன்படிக்கைப்படி தர்றதை. அங்க வண்டி ஓட்டி விழுந்தா, லைசென்ஸ் செல்லாதுன்னு இன்சூரன்ஸ் கையை விரிச்சுடும். வியட்நாம்ல வண்டியை ஆள் ஓட்டட்டும், நீ பின்னாடி உக்காரு.

2024 நவம்பர்ல வாங் வியெங்ல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் செத்துப்போனாங்க. ஓசியில ஊத்தறது, சீல் இல்லாத பாட்டில் ரெண்டையும் தொடாதே.

12. ஏமாத்தற இடங்கள்

எல்லைக்கு அரை கிலோமீட்டர் முன்னாடி பஸ் நிக்கும். ஒருத்தர் ஏறி, “பாஸ்போர்ட்டைக் கொடுங்க, நானே முத்திரை வாங்கித் தர்றேன்”னு கூடுதலா காசு கேப்பார். வேணாம்னு சொல்லிட்டு நீயே கவுன்ட்டருக்கு நட. பாங்காக்ல “இன்னிக்கு அரண்மனை மூடியிருக்கு, வேற கோயில் காட்டறேன்”ங்கற டுக்டுக்காரர் கடைசியில ரத்தினக் கடையிலதான் இறக்குவார். ஸ்கூட்டருக்கு ஈடா பாஸ்போர்ட்டைக் கொடுக்காதே, பணமா டெபாசிட் கொடு. “கம்போடியாவுல டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம், டிக்கெட் நாங்களே போடறோம்”னு யாராவது வலை விரிச்சா அந்தப் பக்கமே திரும்பாதே. நம்ம பசங்களும் இதுல மாட்டி, அடைபட்டுக் கிடந்து, தூதரகம் தலையிட்டு வந்திருக்காங்க.

13. வீட்டுக்கு

அம்மா அப்பாகிட்ட “நல்லாத்தான் இருப்பேன்”னு சொன்னா நம்ப மாட்டாங்க. ஒரு தாள் கொடு: எந்தத் தேதியில எந்த ஊர், எந்த ஹாஸ்டல், அங்க உள்ள இந்தியத் தூதரக எண், இன்சூரன்ஸ் எண். படகுல போற ரெண்டு நாள் சிக்னல் வராமப் போகலாம்னு முன்னாடியே சொல்லு. இல்லன்னா ஊரையே எழுப்பிடுவாங்க.

நாள் கணக்கு

மூணு மாசம் முன்னாடி: பாஸ்போர்ட்டைச் சரி பார், ரூட் போடு, போக வர டிக்கெட் எடு.

ஒன்றரை மாசம்: டாக்டர், ஊசி, இன்சூரன்ஸ். சியாங் மாய் ரயில் டிக்கெட்.

ஒரு மாசம்: வியட்நாம் இ-விசா. வியன்டியான்–ஹனோய் ஃப்ளைட்.

ரெண்டு வாரம்: டாலர், கார்டு, முதல் மூணு ராத்திரி ரூம். எல்லாப் பொருளையும் பையில வெச்சு எடை போட்டுப் பாரு. முதுகுல மாட்டிக்கிட்டு நம்ம தெருவுல ஒரு கிலோமீட்டர் நட. தோள் வலிச்சா ரெண்டு சட்டையை எடு.

மூணு நாள்: தாய்லாந்து வருகை அட்டை, ரோமிங், பிரின்ட்.

திரும்பி வந்த அன்னிக்கு: கார்டுல வெளிநாட்டு வசதியை அணை. மீந்த டாலரை மாத்தாதே. 2,000 டாலர் வரைக்கும் நோட்டா வெச்சுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் கொடுக்குது. கழிச்சுவிட்ட நாட்டுக்கு அடுத்த வருஷம் போறப்போ விசா கட்டணம் தயார்.